உளிக்குக் கூலி உண்டு, உருவத்துக்கு இல்லை

கைபேசியில் மரச் சிற்பம் என்று தேடிப் பாருங்கள். விநாயகர், நடராசர், கஜலட்சுமி, தசாவதாரப் பலகை, பூசையறைக் கதவு என்று படங்கள் வரிசையாக வந்து நிற்கும். உயரம் எத்தனை அங்குலம், எடை எவ்வளவு, என்ன மரம், எத்தனை நாளில் வீடு வந்து சேரும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா என்பதெல்லாம் எழுதியிருக்கும். செதுக்கியவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த மின்வணிக விதிகள், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று போடச் சொல்கின்றன. விற்பவரின் விவரத்தையும் போடச் சொல்கின்றன. செய்தவரின் பெயரைப் போடு என்று ஒரு வரி அவற்றில் இல்லை.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். அதுவும் பக்கத்துத் தழுதாழையும் மரச் சிற்பத்துக்குப் பேர்போன ஊர்கள். வாகை, தூங்குமூஞ்சி, வேம்பு, மா என்று சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் மரங்களில் செதுக்குவார்கள். தலையைத் தனியாக, கையைத் தனியாகச் செய்து ஒட்டும் பழக்கம் இல்லை. ஒரே மரத்துண்டிலிருந்து முழு உருவத்தையும் எடுப்பதுதான் இந்த ஊர் வேலை. தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி முகம், மார்பு, இடை, கால் என்று அளவு பிரித்துக்கொண்டு, கொட்டாப்புளியும் உளியுமாக உட்காருவார்கள். கோயில் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் இதே மரபில் வருபவை. இந்த மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே சமயத்தில் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 2021-ல், கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கும் அந்தக் குறியீடு வந்தது. பருத்தித் துணியில் மூங்கில் குச்சி கொண்டு இயற்கைச் சாயத்தில் எழுதும் அந்தக் கலை இன்னும் உயிரோடு இருக்கும் ஊர்களில் அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையமும் ஒன்று. கோயில் குடைத்துணி, தேர்ச்சீலை, தொம்பை, மேற்கட்டி எல்லாம் அந்தக் கையெழுத்துதான்.

பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள், ஆளுக்கொரு முத்திரை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கலைஞரின் வரவுக்கும் இந்த முத்திரைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. செதுக்குபவருக்கு இன்றைக்கும் கிடைப்பது உளி பிடித்த நாட்களுக்கான கூலி. அந்த உருவத்தை மனதில் கண்டதற்கு, அந்த முகத்துக்கு அந்தச் சிரிப்பைக் கொடுத்ததற்கு என்று தனியாக எதுவும் கிடையாது. சிற்பம் ஒருமுறை விற்று ஒரு வீட்டின் கூடத்தில் போய் நின்றுவிட்ட காலத்தில் இந்தக் கணக்கு பெரிதாக உறுத்தியிருக்காது. இப்போது ஒரே சிற்பத்தின் படம் ஆயிரம் திரைகளில் ஓடுகிறது, ஒரே பாட்டு லட்சம் காதுகளில் ஒலிக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் யாரோ ஒருவர் காசு பார்க்கிறார். அந்தக் காசில் ஒரு பங்கு மூலக் கலைஞருக்குச் சேர வேண்டும் என்று இந்தியச் சட்டம் பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறது. அது அரும்பாவூர்ப் பட்டறைக்கும் அரியலூர்ப் பறைக் குழுவுக்கும் ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஊர்ப் பெயரைக் காக்கும், உருவத்தைக் காக்காது

சிற்பத் தொழிலுக்கு இன்று வந்திருக்கும் பெரிய போட்டி கணினி வழி இயங்கும் சி.என்.சி. செதுக்கு இயந்திரம். நல்ல சிற்பம் ஒன்றைப் பல கோணங்களில் படமெடுத்தோ ஸ்கேன் செய்தோ கணினியில் முப்பரிமாணக் கோப்பாக மாற்றிவிடலாம். அந்தக் கோப்பை இணையத்தில் விற்கலாம். வாங்குகிறவர் எந்த ஊரில் இருந்தாலும் தன் இயந்திரத்தில் பலகையை வைத்துப் பொத்தானைத் தட்டினால், வாரக்கணக்கில் உட்கார்ந்து எடுத்த உருவம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பிறகு அதற்குச் சாயம் பூசி, கைவினைப் பொருள் என்று பெயர் சூட்டி, அதே இணையத்தில் விற்பதற்கும் தடையில்லை. அசலைச் செதுக்கியவருக்கு இது எதுவும் தெரியவே வராது.

புவிசார் குறியீடு இங்கே எவ்வளவு தூரம் உதவும்? 1999-ல் இயற்றி 2003-ல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் ஊரின் பெயரைக் காக்கிறது. வேறெங்கோ செய்ததை அரும்பாவூர் மரச் சிற்பம் என்று சொல்லி விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. அரும்பாவூர் என்ற சொல்லையே உச்சரிக்காமல் அதே உருவத்தை நகலெடுத்து விற்றால் இந்தச் சட்டம் கை கொடுக்காது. விலையைப் பற்றியோ கூலியைப் பற்றியோ அதில் பேச்சே இல்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டது என்பதாலேயே ஊரில் உள்ள ஒவ்வொரு சிற்பியும் அதன் உரிமைதாரர் ஆகிவிடுவதில்லை. அவரவர் தனித்தனியாக, அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று பதிந்துகொள்ள வேண்டும். அதற்கான கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020-ல் அதை 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாயாகவும் அலுவலகம் சென்னையிலேயும் இருந்தும், அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லாததால் எத்தனை கலைஞர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பதை மாவட்ட நிர்வாகம்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

குறியீட்டைப் பதிந்த அமைப்பு விழிப்போடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025-ல் ஒரு பாடம் கிடைத்தது. ஜூன் மாதம் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பில் கோலாப்பூரி செருப்பைப் போன்ற செருப்புகள் வந்தன. ஊர்ப் பெயரும் இல்லை, செய்தவர் மரபின் பெயரும் இல்லை. இந்தியாவில் எதிர்ப்பு கிளம்பிய பிறகே, இந்தியக் கைவினை மரபிலிருந்து பெற்ற வடிவம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. பொதுநல வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, குறியீட்டைப் பதிவு செய்த உரிமையாளர் அல்லவா வர வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கோலாப்பூரி செருப்புக்கு 2019 முதலே குறியீடு இருக்கிறது. உலகமே அறிந்த செருப்புக்கு இந்த நிலை என்றால், அரும்பாவூர்ச் சிற்பத்தின் கோப்பு வேறு நாட்டு இணையதளத்தில் விலைக்குக் கிடந்தால் யார் போய்க் கேட்பார்கள்? கேட்க வேண்டியது பதிவு பெற்ற அமைப்பு. அதற்கு ஒரு வழக்கறிஞரும் அவருக்குக் கொடுக்கப் பணமும் வேண்டும்.

சிற்பத்துக்கு ஒரு நீதி, ஓவியத்துக்கு ஒரு நீதி

உருவத்தைக் காக்கும் சட்டம் வேறொன்று இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். புத்தகம், பாட்டு, சினிமா ஆகியவற்றோடு சிற்பத்தையும் ஓவியத்தையும் கைவினைப் படைப்பையும் அது கலைப்படைப்பாக ஏற்கிறது. படைத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். விநாயகர் உருவம் பொதுச் சொத்துதானே, அதற்கு எப்படி உரிமை என்று சிலர் கேட்பார்கள். விநாயகர் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் துதிக்கை வளைந்த விதம், திருவாசியில் ஓடும் கொடி, கண்ணின் சரிவு இவையெல்லாம் ஒரு குறிப்பிட்ட கையிலிருந்து வந்தவை. அந்தப் பகுதிக்கு உரிமை கோரலாம்.

இந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை நிதானமாகப் படித்தால் நம் இரு மாவட்டங்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பது தெரியும். பணம் கொடுத்து ஒருவர் ஓவியம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அதன் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர். புகைப்படத்துக்கும் அதே விதி. அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. ஆக, அரும்பாவூர் சிற்பி சொந்தப் பட்டறையில் ஆர்டர் எடுத்துச் செதுக்கினால், மரத்தை விற்றுவிட்டாலும் உருவத்தின் பதிப்புரிமை அவரிடமே தங்குகிறது. உடையார்பாளையத்துக் கலம்காரிக் கலைஞர் ஒரு கடைக்காரர் சொல்லி எழுதிய துணியின் வடிவம் கடைக்காரருக்குப் போய்விடுகிறது. அவர் அதை அச்சடித்துத் திரைச்சீலையாக, புடவையாக, கைபேசி உறையாக எத்தனை ஆயிரம் விற்றாலும் கலைஞர் பங்கு கேட்க முடியாது. முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தால் மட்டுமே முடியும். தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கும் மடத்துக்கும் வாய்ச்சொல்லை நம்பி எழுதிக் கொடுத்த குடும்பங்களிடம் இப்படியொரு தாள் வேண்டும் என்று யார் எப்போது சொன்னார்கள்?

சிற்பிக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஷோரூமில் சம்பளத்துக்கு உட்கார்ந்து செதுக்கினால் அது வேலை ஒப்பந்தம்; உரிமை முதலாளிக்கு. பீஸ் ரேட்டுக்குத் தன் இடத்தில் செய்தால் சிற்பிக்கு. இரண்டு இடத்திலும் கையில் கிடைக்கும் பணம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் அடுத்த அறுபது ஆண்டுக் கணக்கு வேறு. அதே உருவத்தை இயந்திரத்தில் போட்டுக்கொள்ள அவரே அனுமதி கொடுத்து, டிசைன் சட்டத்தில் பதியாமல் விட்டு, நகல் 50-ஐத் தாண்டினால், பதிப்புரிமையே போய்விடும் ஆபத்தும் 15-ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தப் பிரிவைப் பற்றிய குழப்பம் 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது.

கோயிலில் நிரந்தரமாக இருக்கும் வாகனத்தையோ தூண் சிற்பத்தையோ ஒருவர் படமெடுத்து இணையத்தில் போட்டால் அது உரிமை மீறல் ஆகாது. பொது இடத்துச் சிற்பத்தைப் படம் பிடிக்கச் சட்டமே இடம் தருகிறது, தரவும் வேண்டும். அந்தப் படத்தை வைத்து முப்பரிமாண நகல் செய்து விற்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது. இந்த வித்தியாசம் சிற்பிகளுக்கும் தெரிய வேண்டும், நகலெடுப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

சட்டம் இன்னொரு பெரிய கொடையையும் வைத்திருக்கிறது. அசல் சிற்பமோ ஓவியமோ மறுபடி விற்கப்பட்டு, விலை 10,000 ரூபாய்க்கு மேல் போனால், படைத்தவருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு உண்டு. அதிகபட்சம் 10 சதவீதம். 53ஏ பிரிவு இது. பங்கை நிர்ணயிக்க வேண்டிய அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டு, அதன் வேலை நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது. சென்னையில் பழம்பொருள் கடையில் ஒரு அரும்பாவூர் வாகனம் பெரிய தொகைக்கு விலை போகிறது என்று வையுங்கள். அதைச் செதுக்கியவரின் பேரன் உயர் நீதிமன்றப் படியேறிப் பத்து சதவீதம் கேட்பாரா? இத்தனை நல்ல விதியை எட்டாத உயரத்தில் வைத்திருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

கோடாலிகருப்பூரின் பெயர் தெரியாத கைகள்

அரியலூர் மாவட்டத்தில், தா.பழூர் ஒன்றியத்தில் கொள்ளிடத்தை ஒட்டிய பகுதியில் கோடாலிகருப்பூர் என்றோர் ஊர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்குப் புடவையும் தலைப்பாகைத் துணியும் அங்கிருந்து போயின. பருத்தியில் பொன் ஜரிகையை இடையிட்டு நெய்து, மெழுகால் கோலம் காத்து, சாயம் தோய்த்து எழுதிய துணி. நெசவும் ஓவியமும் ஒரே துணியில் சந்தித்த அரிய வேலை அது. 1855-ல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனபின் வாங்குவோர் இல்லாமல் அந்தக் கலை தேய்ந்து மறைந்தது. மிச்சமிருக்கும் துண்டுகள் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. உடுத்திய அரசர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். நெய்தவர், எழுதியவர் ஒருவரின் பெயர்கூட மக்கள் நினைவில் இல்லை. அந்த வடிவங்களை எடுத்து இன்று புதிய துணிகளில் போட்டு விற்கும்போது அந்த ஊருக்கு எதுவும் போவதும் இல்லை. உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, சட்டப்படி கேட்க முடியாது என்பது சரிதான். விற்பவர் ஊர்ப் பெயரையாவது சொல்லலாம்.

அதே உடையார்பாளையம் ஜமீனில் இன்னொரு விதமாகவும் நடந்திருக்கிறது. கனம் கிருஷ்ணையர் அங்கே ஆஸ்தான வித்துவானாக இருந்தார். அவருடைய மாணவர் வேங்கடசுப்பையர், உ.வே.சாமிநாதையரின் தந்தை. அரியலூர், குன்னம் என்று இந்தப் பகுதியின் ஊர்களில் கதாப்பிரசங்கம் செய்து, ஊரார் திரட்டிக் கொடுத்த பணத்திலும் தானியத்திலும் அவர் குடும்பம் நடத்தியதை மகன் ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வாழ்க்கையில் வறுமை இருந்தது. ஆனால் பாடியவர் யார், கொடுத்தவர் யார் என்பது இரு பக்கமும் தெரிந்திருந்தது. கேட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

பறை அடிப்பவரும் சட்டத்தில் இருக்கிறார்

இந்த மாவட்டங்களில் பறை, நையாண்டி மேளம், கரகம், கூத்து என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப்படும் குழுக்கள் நிறைய. திருவிழாவிலோ இறப்பு வீட்டிலோ அவர்கள் அடிக்கும்போது சுற்றிலும் கைபேசிகள் உயர்கின்றன. அதில் ஒரு துண்டு ரீல்ஸாகிப் பல லட்சம் பேரைச் சேர்கிறது. அந்தச் சேனலுக்கு விளம்பர வருமானம் வருகிறது. யூடியூப் நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 சதவீதத்தையும், குறுங்காணொளிகளுக்கென ஒதுக்கும் தொகையில் 45 சதவீதத்தையும் சேனல் உரிமையாளருக்குத் தருகிறது. அடித்தவருக்கு? அன்றைக்கு ஊரார் கொடுத்த கூலியோடு சரி.

பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞர் யார் என்று சொல்லும் இடத்தில் நடிகர், பாடகர், இசைக் கலைஞரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும் சேர்த்தே சொல்கிறது. தெருவில் ஆடுபவரையும் கணக்கில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அவருடைய நிகழ்ச்சியை வணிகத்துக்காகப் பதிவு செய்யவும் பரப்பவும் அவர் சம்மதம் வேண்டும். உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. 2012-ல் வந்த திருத்தம் 38ஏ, 38பி என்ற பிரிவுகளைச் சேர்த்தது. முன்னது வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறும் உரிமை, பின்னது தன் பெயர் சொல்லப்படும் உரிமை. ‘ஒரு வீடியோதானே அண்ணே, உங்களுக்கும் பேர் கிடைக்கும்ல’ என்று சொல்லி எடுத்துப் போகிறவர்கள் அந்தப் பேரையாவது கீழே எழுதுகிறார்களா என்று பாருங்கள்.

அந்த 2012 திருத்தம் சும்மா வந்துவிடவில்லை. 1977-ல் உச்ச நீதிமன்றம், சினிமாவுக்காகப் பணம் வாங்கி எழுதிய பாட்டும் மெட்டும் தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. 35 ஆண்டுகள் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் அந்தத் தீர்ப்பின் கீழ் இருந்தார்கள். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் முன்னின்று பேச, 2012 மே மாதம் திருத்தம் நிறைவேறியது. பாடலின் ராயல்டியில் எழுதியவரும் மெட்டமைத்தவரும், பதிப்புரிமையை வாங்கியவரோடு சமபங்கு பெறும் உரிமையை இனி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று அது சொல்லிவிட்டது. ஐ.பி.ஆர்.எஸ். என்ற பழைய அமைப்பு 2017-ல் புதிதாகப் பதிவு பெற்றுப் பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கான தொகையை வசூலிக்கிறது. பாடகர்களுக்கு 2013 முதல் தனி அமைப்பு உண்டு. ஜெயங்கொண்டத்தில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் ஒரு கலைஞரும் இவற்றில் சேரத் தகுதியுள்ளவர்தான்.

பிரபலமானவர்களுக்கே இந்தப் பாதை கரடுமுரடு. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலைக் கேட்காதவர் குறைவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எடுத்து எழுதியவர் பாடகர் அறிவு. அவர் பாடகி தீயுடன் சேர்ந்து பாடினார், சந்தோஷ் நாராயணன் இசை. அதே ஆண்டு ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இடம்பெறாதது சர்ச்சையானது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு பாடப்பட்டது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று காணொளியில் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட பாட்டு. தன் மெட்டுகளுக்காக இளையராஜா எத்தனை ஆண்டுகளாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கிறார் என்பதும் தெரிந்ததே.

சிறிய கலைஞருக்குத் தளங்களின் விதிகளே சுவர். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை ஒலித்தால்தான் கணக்கில் வரும். 900 முறை ஒலித்தால் எதுவும் இல்லை. யூடியூபில் நகலைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு 2007 முதல் இருந்தாலும் அது பெரிய உரிமைதாரர்களுக்குத்தான் திறக்கிறது. ஊர்ப்பாட்டு ஒன்றை முதலில் பதிவேற்றிய நிறுவனம் அதைத் தனதென்று பதிந்துவிட்டால், அந்தப் பாட்டைப் பரம்பரையாகப் பாடும் குடும்பம் தன் காணொளியைப் போடும்போது உரிமைக் கோரல் வந்து நிற்கலாம். விளக்கம் எழுத வேண்டியவர் அந்தக் குடும்பத்துக்காரர்.

சிற்பியே நேரடியாக இணையத்தில் விற்கலாமே என்று எளிதாகச் சொல்கிறோம். 2023 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விற்பனையாளரும் மின்வணிகத் தளத்தில் விற்கலாம், ஆனால் தன் மாநிலத்துக்குள் மட்டும். வேப்பந்தட்டையிலிருந்து சென்னைக்கு அனுப்பலாம். பெங்களூருவுக்குத் தளம் வழியாக அனுப்ப வேண்டுமென்றால் பதிவும் வரிக்கணக்குத் தாக்கலும் வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் வியாபாரியின் விலைக்குச் சம்மதிக்க வேண்டியிருக்கிறது.

குரலும் கைமாறுகிறது

2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலும் செயற்கை நுண்ணறிவால் ஒலித்தன. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் தெரிவித்தார். முதல் முயற்சியிலேயே அவர் சரியான முறையைக் காட்டினார் என்றே நினைக்கிறேன். அதே காலகட்டத்தில், எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை ஒரு தெலுங்குப் படம் அனுமதியின்றி இப்படிப் பயன்படுத்தியதாகச் சொல்லி அவர் மகன் சரண் சட்ட நோட்டீஸ் அனுப்பினார். எஸ்.பி.பி.க்குக் கேட்க மகன் இருக்கிறார். குன்னத்தில் ஒப்பாரி பாடும் பாட்டியின் குரலை ஒரு கணினி கற்றுக்கொண்டால் அது வீட்டாருக்குத் தெரியவே தெரியாது. கோயில் சிற்பங்களின் லட்சக்கணக்கான படங்களைக் கற்ற மென்பொருள்கள் இப்போது நொடியில் மரச் சிற்ப மாதிரி வரைகின்றன. அது இயந்திரத்துக்குக் கோப்பாகிறது. அரும்பாவூருக்கு எதிரான போட்டி அரும்பாவூரின் வேலையிலிருந்தே உருவாகிறது.

2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தகத் துறையின் குழு ஒன்று, செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரப் படைப்புகளை எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் கட்டாயம் ராயல்டி கட்ட வேண்டும், ஒரு மைய அமைப்பு அதை வசூலித்துப் பங்கிட வேண்டும் என்று வரைவு யோசனையை வெளியிட்டது. இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் அப்படி ஒரு நிதி வந்தால் முதலில் பங்கு பெறுபவர்கள் படைப்பைப் பதிந்து, உறுப்பினராகி, பட்டியலில் பெயர் ஏற்றியவர்கள்.

பெயரைப் பொறியுங்கள்

அந்தப் பட்டியலுக்கு இப்போதே ஆயத்தமாகலாம். இதில் பெரும்பகுதி செலவில்லாதது. பதிப்புரிமைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: கலைப்படைப்பு உருவானபோது அதில் யார் பெயர் இருந்ததோ, எதிராக நிரூபிக்கப்படும் வரை அவரே படைப்பாளி என்று நீதிமன்றம் கருத வேண்டும். பீடத்தின் அடியில் நான்கு எழுத்து, ஊர், ஆண்டு. உளி கையில் இருக்கும்போதே அரை மணி வேலை. சாமிக்குச் செய்வதில் நம் பெயர் எதற்கு என்ற பணிவு இந்த மரபில் ஆழமானது, அதை மதிக்கிறேன். அந்தப் பணிவின் பலன் சாமிக்குப் போகவில்லை. வழியில் இருக்கும் கடைக்காரருக்கும் தளத்துக்கும் போகிறது. கலம்காரி எழுதுபவர்களும் ஓரத்தில் ஒரு மூலையை வைத்துக்கொள்ளலாம். முடித்த வேலையைத் தேதியோடு படமெடுத்து வைப்பதும், முக்கியமானவற்றைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவதும் உதவும். சாதாரணக் கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்.

கையெழுத்து கேட்டு யாராவது ஆங்கிலத்தில் தாள் நீட்டினால், வீட்டில் படித்த பிள்ளையிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு மட்டும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டு பயன்படுத்தாவிட்டால், வேறு ஏற்பாடு எழுதப்படாத நிலையில், உரிமை திரும்பிவிடும். ‘எல்லா நாட்டுக்கும், எக்காலத்துக்கும்’ என்று ஒப்பந்தங்களில் எழுதி வாங்குவது ஏன் என்று இப்போது புரியும்.

மீதி அரசின் பொறுப்பு. தமிழ்நாட்டுக்கு இது புதிய விஷயமும் இல்லை. 1949-ல் பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது தொடங்கி, எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து உரிமை பெறும் பழக்கம் இங்கே வேரூன்றியது. எழுதியவருக்குக் காட்டிய அந்த மரியாதையைச் செதுக்கியவருக்கும் பறை அடித்தவருக்கும் நீட்டுவதுதான் பாக்கி. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது, 1973 முதல் அரசின் கைவினைப் பொருள் விற்பனை நிறுவனமான பூம்புகார் இருக்கிறது, கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 50,000 வரை மானியமும் 2025 முதல் உண்டு. கடனும் ஓய்வூதியமும் தேவைதான். அவற்றோடு, வாரிய உறுப்பினர் அட்டை கொடுக்கும் அன்றே ராயல்டி அமைப்பின் படிவத்தையும் நிரப்பிக் கொடுக்கலாம். மாவட்டத் தொழில் மையத்தில் வாரம் ஒருநாள், தமிழில் எழுதிய ஒரு பக்க ஒப்பந்த மாதிரியோடு ஒருவர் உட்காரலாம். அரும்பாவூரிலும் உடையார்பாளையத்திலும் முகாம் போட்டுப் பத்து ரூபாய்ப் பதிவை ஒரே நாளில் முடிக்கலாம். பூம்புகாரின் இணைய விற்பனைப் பக்கத்திலும், அரசு விருந்தினர்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சிற்பத்தின் அட்டையிலும், விலைக்கு மேலே செய்தவரின் பெயரை அச்சிட ஒரு சுற்றறிக்கை போதும். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.